ஆழியன் ஏன் திரும்பி வருகிறான்

மார்ச் 3, செவ்வாய்

நேற்று எவர்சில்வர் டம்ளரைச் சுவரில் எறிந்தேன். சுண்ணாம்பு உதிர்ந்தது, டம்ளர் நெளிந்தது, தம்பி ஜெனிஸ்டன் தன் அறைக் கதவை இன்னும் இறுக்கிச் சாத்திக்கொண்டான். உப்பள ஆய்வகத்தில் இதைச் சொன்னபோது கூட வேலை பார்க்கும் சித்ரலேகா, "பெல்சி, கோவத்த எழுதி வையி. பாத்திரமாவது மிஞ்சும்" என்றாள். அதற்காகத்தான் இது.

கோபத்துக்குக் காரணம் மிக்ஸி. வேலை முடிந்து வந்து சட்னி அரைக்கப் போட்டேன். அறைக்குள்ளிருந்து என் தம்பி கத்துகிறான்: "எக்கா, ரெக்கார்டிங் போய்ட்டிருக்கு! பத்து நிமிசம் பொறுக்க மாட்டியா?" மாட்டேன். இருபத்தொன்பது வயது, பி.காம். படித்தவன். இல்லாத கடலில் இல்லாத மணியைத் தேடுகிற இல்லாத ஒருவனைப் பற்றி அவன் கேமரா முன்னால் பேசி முடிக்கும்வரை நான் என் அடுக்களையில் கை கட்டி நிற்க வேண்டுமாம்.

அந்த இல்லாதவன் பெயர் ஆழியன். ஏழு தடித்த புத்தகங்களின் நாயகன். கதை இவ்வளவுதான்: கடலுக்கடியில் மூழ்கிப்போன ஒரு நகரம். அங்கே ஒரு வெண்கல மணி. அதை அடித்தால் மூழ்கியவர்கள் எல்லாரும் எழுந்து வருவார்கள். ஆழியன் சுறாக்களையும் சூனியக்காரிகளையும் தாண்டிப் போய்க் கடைசிப் பக்கத்தில் மணியைத் தொடுகிறான். அடுத்த புத்தகத்தின் முதல் பக்கத்தில் பழையபடி கரையில் கிடக்கிறான். எழுகிறான், தண்ணீர் குடிக்கிறான், மறுபடியும் புறப்படுகிறான். ஏழு தடவையும் இதே கூத்து.

ஏன் இப்படி என்று எழுதியவர் சொல்வதில்லை. பேட்டியும் கொடுப்பதில்லை. அதனால் வாசகர்கள் ஆளுக்கொரு விளக்கம் வைத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறார்கள். சாபம் என்கிறது ஒரு கூட்டம். முதல் பாகத்திலேயே அவன் செத்துவிட்டான், மற்றதெல்லாம் ஆவியின் கனவு என்கிறது இன்னொன்று. ஒவ்வொரு பாகத்திலும் வருவது வேறு வேறு ஆள் என்பவர்களும் உண்டு. ஜெனிஸ்டனின் விளக்கத்துக்கு 'ஈரத்தலைக் கோட்பாடு' என்று பெயர். கேட்டாலே எனக்குத் தும்மல் வருகிறது.

மார்ச் 4, புதன்

சட்னி அரைத்தேன். தேவையில்லாமல் இரண்டாவது தடவையும் அரைத்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

எட்டாம் பாகம் மே மாதம் வருகிறதாம். அதுதான் கடைசியாம். காலையில் செய்தி வந்ததும் ஜெனிஸ்டன் பனியனோடு வராந்தாவுக்கு ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"எக்கா! முடியப் போவுது! எல்லாம் தெரிஞ்சிரும்!"

"நாளைக்குப் பத்து மணிக்கு இன்டர்வியூ. சட்டையத் தேச்சு வச்சிருக்கேன்" என்றேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகம். சித்ரலேகாவின் கணவர் சொல்லி ஏற்பாடு செய்தது.

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "நாளைக்கா? நாளைக்குத்தான் அட்டப்படம் விடுதாங்க. எல்லா சேனலும் லைவ் போவும். நான் மட்டும் இல்லன்னா எப்படி?"

"ஏல, வேலைய விட அட்டப்படமா?"

"வேல எங்கயும் போவாதுக்கா."

போகும். போகாமலிருக்க அது என்ன ஆழியனா? இதைத்தான் சத்தமாகச் சொன்னேன். அவன் சிரித்தான். பேசுகிற பேச்சில் ஆழியன் பெயர் வந்துவிட்டால் போதும், திட்டினாலும் அவனுக்குச் சிரிப்பு.

தேய்த்த சட்டையைக் கசக்கி வாளியில் போட்டேன்.

மார்ச் 9, திங்கள்

அவன் இன்டர்வியூவுக்குப் போகவில்லை.

சரி, அவனை அவன் ஆயுதத்தாலேயே அடிக்கலாம் என்று முடிவு செய்தேன். அந்தக் கோட்பாட்டை ஆணி ஆணியாகக் கழற்றிப் போட்டுவிட்டால் பிறகு எதைப் பேசுவான்? முதல் பாகத்தை அவன் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் திறந்தேன்.

முதல் வரி: 'விடிந்தபோது ஆழியன் கரையில் கிடந்தான். தலைமுடி ஈரமாயிருந்தது.'

புத்தகத்தை மூடி வைத்தேன். காலையில் வந்த உப்பு மாதிரிகள் நிறைய மிச்சம் இருந்தன. கரைசலில் சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் செங்கல் மாதிரி மாறும்போது நிறுத்த வேண்டும். ஒரு மாதிரியில் நிறுத்தத் தவறிவிட்டேன். இத்தனை வருடத்தில் அப்படி நடந்ததில்லை. எரிச்சலாக வந்தது. முதல் வரியையே சரியாக எழுதத் தெரியாதவனெல்லாம் எழுத்தாளன்.

வீட்டுக்குப் பழைய துறைமுகம் வழியாக நடந்து வந்தேன். சுற்றுவழிதான். காற்றுக்காக.

மார்ச் 15, ஞாயிறு

மூன்று பாகம் முடித்தாயிற்று. பிடித்துப் படிக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எதிரியைத் தெரிந்துகொள்ளாமல் சண்டை போட முடியாது.

ஜெனிஸ்டனின் வாதம் இதுதான். எல்லாப் பாகத்துக்கும் முதல் வரி ஒன்றே. சாபமோ கனவோ ஆளைத் தூக்கிக் கரையில் போட்டிருந்தால் தலை காய்ந்திருக்க வேண்டும். தலை ஈரமாக இருக்கிறது. ஆகவே அவன் உண்மையாகவே ஆழத்திலிருந்து தன் கையாலும் காலாலும் நீந்தி வந்திருக்கிறான். ஏழு தடவை வந்தவன் எட்டாவது தடவையும் வருவான். இந்த முறை மணியை அடித்துவிட்டு, மூழ்கியவர்களையும் கூட்டிக்கொண்டு வருவான்.

சின்னப்பிள்ளைத்தனம். கடைசிப் பக்கங்களை இவர்கள் யாரும் ஒழுங்காகப் படிக்கவில்லை. 'தொட்டான்' என்று இருக்கிறது, அடித்தான் என்று எங்கும் இல்லை. தொட்ட உடனே எல்லாப் பாகத்திலும் ஒரு குட்டி வாக்கியம்: 'கை விலகியது.' தானாக விலகுமா கை? அவன்தான் எடுக்கிறான். அடித்துப் பார்த்துவிட்டால் மூழ்கியவர்கள் எழுவார்களா மாட்டார்களா என்பது தெரிந்துவிடும். தெரியாமலிருப்பதுதான் அவனுக்கு வசதி. ஒவ்வொரு தடவையும் தொட்டுவிட்டு ஓடி வருகிறான், கோழை.

'கரையோரம்' என்று பெயர் வைத்துக்கொண்டு ஜெனிஸ்டனின் சேனலுக்குக் கீழே இதையெல்லாம் எழுதினேன்.

மார்ச் 16, திங்கள்

இருநூற்றுக்கு மேல் பதில்கள். பாதிப்பேர் என்னைத் திட்டுகிறார்கள். ஒருவன் 'நீங்கள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தீர்களா' என்கிறான். அவனுக்குப் பக்க எண்ணோடு பதில் கொடுத்தேன். வாயை மூடிக்கொண்டான்.

மார்ச் 22, ஞாயிறு

இந்த வாரம் முழுக்க ஜெனிஸ்டன் சாப்பாட்டு மேசைக்கு வருகிறான். வழக்கமாகத் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போகிறவன், எதிரில் உட்கார்ந்து 'கரையோரம்' பற்றி என்னிடமே பேசுகிறான்.

"புதுசா ஒரு ஆளு வந்திருக்குக்கா. பயங்கரமான ஆளு. கை விலகியது, கை விலகியதுன்னு உயிர வாங்குது."

"சரியாத்தான் சொல்லுது போல" என்றேன், மீன் முள்ளை எடுத்துக்கொண்டே.

"ஆனா ஒரு எடத்துல தப்பு விட்டுட்டு. அஞ்சாம் பாகத்துல அவனுக்குக் கையில காயம். வலிச்சு எடுத்திருக்கலாம்லா?"

"அந்தக் காயம் எடது கை. தொட்டது வலது கை" என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவன் இன்னொரு துண்டு மீனை என் தட்டில் வைத்தான்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாடுதான். கஞ்சியும் துவையலும்.

சிலுவைப்பாதை முடிந்து வருகிற வழியில் சித்ரலேகா போனில் கேட்டாள்: "நீ ஏன் தெனமும் பஸ்ஸ விட்டுட்டு ஹார்பர் வழியா நடக்க? இருபது வருசமா அந்த ரோட்டுல என்ன காத்து?" நல்ல நாளும் அதுவுமாக இது ஒரு கேள்வி. போனை வைத்துவிட்டேன்.

இதை ஒரே தடவை எழுதிவிடுகிறேன், யாரும் என்னைக் கேட்க வேண்டாம். அப்பா தோணியில் போனவர். மாலத்தீவுக்கு வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு போன தோணி. புயல் வந்தது. தோணியும் வரவில்லை, ஆட்களும் வரவில்லை, ஒரு பலகைகூட எங்கும் ஒதுங்கவில்லை. எனக்குப் பதினெட்டு வயது, ஜெனிஸ்டனுக்கு ஒன்பது. அவன் பள்ளிக்கூடம் போகாமல் கடற்கரையில் போய் உட்கார்ந்திருப்பான். நான்தான் போய் இழுத்துக்கொண்டு வருவேன். பிறகு கோர்ட்டுக்கு அலைந்ததும் நான்தான். இறந்தவராகக் கருதலாம் என்று தீர்ப்பு வாங்கி வந்ததும் நான்தான். அம்மா கண்ணை மூடுகிறவரை அதை நம்பவில்லை, கோயிலில் அவர் ஆன்மாவுக்குப் பூசை வைக்கவும் விடவில்லை. இந்த வீட்டில் நடந்ததை நடந்ததென்று ஏற்றுக்கொண்டவள் நான் ஒருத்தி. எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

ஏப்ரல் 5, உயிர்ப்பு ஞாயிறு

பிரியாணி செய்தேன். ஏழாம் பாகம் முடிந்தது. கை விலகியது.

ஏப்ரல் 12, ஞாயிறு

இன்று மாலை பெரிய லைவ். 'ஈரத்தலையா, விலகிய கையா' என்று தலைப்பு வைத்திருந்தான். மூவாயிரம் பேர் பார்த்தார்கள். அவன் அறைக்குள் இருந்து பேசுகிறான். சுவருக்கு இந்தப் பக்கம் நான் கட்டிலில் உட்கார்ந்து போனில் தட்டுகிறேன். அவன் குரல் சுவர் வழியாக முதலிலும் போன் வழியாகப் பிறகும் வந்தது.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னான். அந்தப் பொறுமைதான் எனக்குப் பொறுக்கவில்லை. கடைசியில், "கரையோரம், நீங்க சொல்லுத மாதிரி அவன் கோழையாவே இருக்கட்டும். திரும்பி வாரான்லா? ஒவ்வொரு தடவையும் விடியும்போது கரையில ஆள் கெடக்குல்லா? எனக்கு அது போதும்" என்றான்.

எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. 'அக்கா வடிக்கிற சோற்றில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறவனுக்கு எதுவும் போதும்' என்று எழுதினேன். அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதினேன். அதை இங்கே திரும்ப எழுத வேண்டியதில்லை.

சிரிப்புப் பொம்மைகள் மழையாகக் கொட்டின. 'அக்கா சோறு' என்று ஆளாளுக்கு எழுத ஆரம்பித்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

வாதத்தில் ஜெயித்தது நான்.

ஏப்ரல் 13, திங்கள்

காலையில் பையோடு வராந்தாவில் நின்றான்.

"எங்கல போற?"

"மார்ஷல் ரூமுக்கு." மார்ஷல் அவனோடு கல்லூரியில் படித்தவன், முத்தையாபுரத்தில் இருக்கிறான்.

"எதுக்கு?"

"கரையோரம் சொல்லிட்டாங்கல்லா, அக்கா சோத்துல உக்காந்திருக்கேன்னு."

பையின் வாரைப் பிடித்து இழுத்தேன்.

"மொத நாளே தெரியும்க்கா. 'ஆகவே' போட்டுச் சண்ட போடுத ஆளு இந்த ஊருல நீ ஒருத்திதான்."

"தெரிஞ்சும் ஏம்ல சொல்லல?"

"சொன்னா நிறுத்திருவ. அம்மா போன பெறவு நீ எங்கூட இவ்வளவு பேசுனதே இல்ல. தெனமும் சாயங்காலம் நீ என்ன எழுதிருக்கன்னு பாக்கத்தான் காத்திட்டிருப்பேன்." பையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றினான். "சோறு விசயத்த விடு. அது உள்ளதுதான். ஆனா கடைசி வரி? 'உங்கப்பா எந்திரிச்சு வரமாட்டாரு தம்பி'ன்னு மூவாயிரம் பேரு பாக்க எழுதுனல்லா? அத என் மூஞ்சியப் பாத்துச் சொல்லிருக்கலாம். இருபது வருசத்துல ஒரு தடவகூட நீ அதச் சொல்லல."

"இப்ப சொல்லுதேன்" என்றேன்.

"சொல்லு."

ஆட்டோ வந்துவிட்டது. அதனால் சொல்ல நேரமில்லாமல் போயிற்று.

ஏப்ரல் 14, செவ்வாய்

சோறு மிஞ்சியது.

ஏப்ரல் 21, செவ்வாய்

வீட்டில் எந்த நேரமும் மிக்ஸி போடலாம். போடவில்லை. சட்னி யாருக்கு?

சேனல் மூடிக்கிடக்கிறது. 'கரையோரம்' எங்கே என்று சிலர் தேடுகிறார்கள். வேலையற்றவர்கள்.

மே 9, சனி

எட்டாம் பாகம் வந்துவிட்டது. பேருந்து நிலையக் கடையில் கட்டுப் பிரிக்கும்போதே நின்று வாங்கினேன். அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, ஆய்வகத்துக்குப் பின்னால் பாத்தி வரப்பில், ஓலைக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தேன். வெயிலில் உப்பு கண்ணைக் கூசவைத்தது.

மணியை அடித்துவிட்டான். இந்த முறை கை விலகவில்லை. மணி கடலெல்லாம் கேட்டது. யாரும் எழுந்து வரவில்லை. மூழ்கியவர்கள் மூழ்கியவர்களாகவே இருந்தார்கள். ஆழியன் அவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டான். கடைசி வரி: 'விடிந்தது. கரையில் யாரும் இல்லை.'

அவ்வளவுதான். புத்தகம் முடிந்தது.

என்ன துணிச்சல் இந்த ஆளுக்கு! எட்டுப் புத்தகம் ஒரு மனுசனை நீந்த வைத்துவிட்டு, ஏதோ கடைக்குப் பூட்டுப் போடுகிற மாதிரி ஒரு வரி எழுதி முடித்துவிடுவாராமா? ஜெனிஸ்டன் இதைத் தனியாகப் படிக்கக்கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. கடற்கரையில் மணலைக் கிண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒன்பது வயதுப் பையன் கண்முன்னால் வந்து நின்றான். சீருடையை மாற்றாமலே பஸ் ஏறினேன்.

மார்ஷல் கதவைத் திறந்துவிட்டு, "வாங்கக்கா" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். ஜெனிஸ்டன் தரையில் உட்கார்ந்து பரோட்டா பிய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் புத்தகம்.

"படிச்சிட்டியா?"

"மத்தியானமே முடிச்சிட்டேன். சாப்பிடுதியா?"

"அந்தாளு எழுதினதப் பாத்தியா? யாரும் இல்லையாம்! என்ன தைரியத்துல எழுதுதாரு?"

"எக்கா, உக்காரு."

"உக்கார மாட்டேன். நீ லைவ் போடு. நான் பேசுதேன். ஒன் ஈரத்தலதான் சரின்னு நானே சொல்லுதேன்."

அவன் கையைக் கழுவிவிட்டு வந்தான். மெலிந்திருந்தான். முகம் தெளிவாக இருந்தது.

"நீ சொன்னதுதான் சரிக்கா. தெரிஞ்சுக்கிடப் பயந்துதான் அவன் கைய எடுத்தான். ஏழு தடவ பயந்தான், எட்டாவது தடவ பயப்படல. நல்ல முடிவு. முடிச்சிட்டு அழுதேன், பெறவு பசிச்சுது." சுவரில் மாட்டியிருந்த புதுச் சட்டையைக் காட்டினான். "கப்பல் ஏஜென்ட் ஆபீஸ்ல நானாப் போயி கேட்டேன். திங்கக்கிழமையிலேருந்து வரச் சொல்லிருக்காங்க."

எவ்வளவு நாளாக இதைக் கேட்கக் காத்திருந்தேன். சந்தோஷப்பட வேண்டியவள்தான். "அப்ப விட்டுட்ட? அவ்வளவுதானா?" என்று கத்தினேன்.

"வெள்ளிக்கெழம காலையில அப்பாவுக்குப் பூச எழுதிக் குடுத்திருக்கேன். ஆறு மணி. நீயும் வாரியா?"

"யாரைக் கேட்டு எழுதுன?"

"யாரக் கேக்கணும்?"

கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். மறுபடியும் பழைய துறைமுகம் வழியாக நடந்தேன். ஒரு தோணி சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. முழுவதும் இறக்கி முடிக்கும்வரை நின்றேன். இறங்கினவர்களில் எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. எப்படி இருப்பார்கள்?

மே 11, திங்கள்

எல்லாச் சேனல்களிலும் ஒரே பாட்டு: ஆழியன் செத்துவிட்டான், அருமையான முடிவு, கண்ணீர் வந்தது. இவர்களுக்குக் கண்ணீர் வருவது ஒரு பொழுதுபோக்கு.

மே 12, செவ்வாய்

'கரையோரம்' கணக்கைத் திறந்தேன். எழுதினேன்:

'ஆழியன் இறந்தான் என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது? கரையில் யாரும் இல்லை என்றுதான் இருக்கிறது. எந்தக் கரையில்? இந்தக் கரையில். கடலுக்கு ஒரு கரைதானா? நீரோட்டம் மாறினால் ஆள் வேறு நாட்டில் ஒதுங்க மாட்டானா? அங்கே பாஷை தெரியாமல், ஊர் பெயர் சொல்லத் தெரியாமல், ஞாபகம் தப்பிக் கிடக்க மாட்டானா? உடல் கிடைத்ததா? ஒரு பலகையாவது கிடைத்ததா? கிடைக்காத ஒருவனைச் செத்தவன் என்று தீர்ப்பு எழுத நீங்கள் யார்? கையெழுத்துப் போட நீங்கள் யார்? எட்டுப் பாகம்தான் வந்திருக்கிறது. ஒன்பதாவது இல்லையென்று யார் சொன்னது? ஆகவே'

அதற்குமேல் வரவில்லை. 'ஆகவே'யோடு அப்படியே அனுப்பிவிட்டேன்.

மே 13, புதன்

ஒன்பதாம் பாகம் வருகிறதா, உள்தகவலா என்று விசாரிக்கிறார்கள். பலகை எங்கிருந்து வந்தது, கதையில் பலகையே கிடையாதே என்கிறான் ஒருவன். ஒவ்வொருவருக்கும் பதில் எழுதி மாளவில்லை.

எல்லாவற்றுக்கும் கீழே, இத்தனை நாள் மூடிக்கிடந்த கணக்கிலிருந்து ஜெனிஸ்டன் ஒரே வரி எழுதியிருக்கிறான்: 'ஆறு மணி பூசை. வாசல்ல நிப்பேன்.'

நாலு பேர் அதற்கும் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

மே 14, வியாழன்

போகமாட்டேன்.

மே 15, வெள்ளி

போனேன்.

வாசலில் நின்றான், புதுச் சட்டையோடு. பெண்கள் பக்கம் போகாமல் அவனோடே கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். சாமியார் இந்தப் பங்குக்குப் புதியவர், இளவயது. காய்ச்சலோ என்னவோ, மூக்கை உறிஞ்சிக்கொண்டே தாளைப் பார்த்து வாசித்தார்: "கடலில் இறந்துபோன இன்னாசிமுத்து அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக..."

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருடத்துக்குப் பிறகு ஒரே ஒரு தடவை வாசிக்கிறார்கள். அதையும் தப்பாக வாசிப்பார்களா?

எழுந்து நின்றேன். "சாமி, இன்னாசிமுத்து இல்ல" என்றேன். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஜெனிஸ்டன் என் முழங்கையைப் பிடித்தான். உதறினேன். "இன்னாசி. மரிய இன்னாசி. எங்கப்பா."

சாமியார் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "மன்னிச்சுக்கோங்கம்மா" என்றார். பிறகு முதலிலிருந்து, நிதானமாக, கடலில் இறந்துபோன மரிய இன்னாசி அவர்களின், என்று வாசித்தார்.

இந்த முறை சரியாக வாசித்தார். ஒரு எழுத்துத் தப்பவில்லை. நான் உட்காராமல் நின்றே கேட்டேன். ஜெனிஸ்டனும் எழுந்து நின்றுகொண்டான்.